டிரைவர் இல்லாமல் ஓடிய வேன்

ஆயாம்மாவுக்குச் சினிமா என்றால் தூக்கம். கொட்டகைக்குப் போன இரண்டு மூன்று தடவையும் இடைவேளைக்கு முன்பே புருஷன் தோளில் சாய்ந்து குறட்டை விட்டவள். "காசு குடுத்து டிக்கெட் வாங்கித் தூங்குற ஒரே ஆள் நீதான்" என்று அவன் வருஷக்கணக்கில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தான். அப்படிப்பட்டவள், பள்ளிக்கூட மைதானத்தில் குறும்பட விழா நடக்கப்போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து சரியாகத் தூங்கவில்லை.

அந்தப் பள்ளிக்கூடத்து வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதுதான் அவள் வேலை. வேனை ஓட்டியவன் அவள் புருஷன். காலையில் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி, ஒரே வண்டியில் ஏறி, அவன் முன்னால் உட்கார, இவள் பின்னால் கதவோரம் நிற்பாள். வீட்டில் பேசி முடிக்காத சண்டையை வண்டியில் தொடர்வார்கள். பிள்ளைகள் ஏறியதும் சண்டை நின்றுவிடும். பிள்ளைகளுக்கு அவன் டிரைவர் மாமா. புத்தகப் பையைப் பார்த்து, "இதுல நீ உள்ள இருக்கியா, புத்தகம் உள்ள இருக்கா?" என்று தினமும் ஒரே கேள்வியைக் கேட்பான். தினமும் பிள்ளைகள் முதல்முறை கேட்பதுபோல் சிரிப்பார்கள்.

ஒருநாள் சாயங்காலம், வண்டி நிறையப் பிள்ளைகளோடு திரும்பிக்கொண்டிருந்தபோது அவன் பேச்சு பாதியில் நின்றது. ஆயாம்மா நிமிர்ந்து பார்த்தாள். அவன் தலை ஸ்டியரிங்மேல் கவிழ்ந்திருந்தது. வண்டி தன்போக்கில் சாலையை விட்டு இறங்கி, பூட்டிக்கிடந்த ஒரு குடோனின் மதிலில் போய் மோதியது. ஒரு பையனுக்குக் கை முறிந்தது. ஒரு பெண் குழந்தைக்கு முன்பற்கள் போயின. மற்றவர்களுக்குச் சிராய்ப்பும் பயமும். ஆயாம்மா நெற்றியில் ரத்தம் வழிய ஒவ்வொரு பிள்ளையாகக் கீழே இறக்கிவிட்டாள். கடைசிப் பிள்ளையும் இறங்கிய பிறகுதான் முன்பக்கம் போனாள். அதற்குள் அவன் கை சில்லிட ஆரம்பித்திருந்தது.

மாரடைப்பு என்று டாக்டர் சொன்னார். வயிற்றில் சாராயம் எதுவும் இல்லை என்றும் தெளிவாகச் சொன்னார். ஆனால் அதை டாக்டர் சொல்லும் முன்பே ஊர் வேறு ஒன்றைச் சொல்லி முடித்துவிட்டது. வண்டியிலிருந்து நெடி அடித்ததாம். மத்தியானமே ஆள் தள்ளாடினானாம். பார்த்தது யார் என்று கேட்டால் யாரும் இல்லை. கேள்விப்பட்டவர்கள்தான் எல்லாரும். கை முறிந்த பையனின் அப்பா முதலில் பிள்ளையை வேறு பள்ளியில் சேர்த்தார். பின்னாலேயே மற்றவர்களும் போனார்கள். வகுப்புகளில் பெஞ்சுகள் காலியாயின. நொறுங்கிய வேன் மைதானத்து மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. புது வண்டி வாங்கவும் கட்டடத்தைப் பழுது பார்க்கவும் பள்ளியிடம் வழியில்லை. குறும்பட விழா வைத்து டிக்கெட் விற்கலாம் என்ற யோசனை அப்போதுதான் வந்தது.

அந்த யோசனை மருந்துக்கடைக்காரர் மகளுடையது. அதே வேனில் ஏறி இறங்கிப் படித்த பெண். இப்போது கேமரா எடுத்துக்கொண்டு கல்யாண வீடுகளுக்குப் போகிறாள். விபத்துக்கு முந்தைய வருஷம் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒரு படம் எடுக்கிறேன் என்று ஒரு வாரம் முழுக்க வேனிலேயே சுற்றினாள். அந்த வாரம் டிரைவர் பண்ணின அலம்பல் கொஞ்சநஞ்சமில்லை. தினமும் சவரம். தினமும் இஸ்திரி போட்ட சட்டை. "பொண்ணு பார்க்கவா போறீங்க?" என்று ஆயாம்மா இடித்துக் காட்டினாள். "நீ பின்னாடி நிக்கிறவ, உனக்கென்ன தெரியும். முகம் படுறது எனக்குத்தானே" என்றான் அவன்.

கடைசி நாள், பிள்ளைகள் ஏறுவதற்கு முன்னால், அந்தப் பெண் முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டு அவனிடம் கேள்வி கேட்டாள். ஆயாம்மா கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"காலையில எல்லா வீட்டுலயும் பிள்ளைய என்கிட்ட குடுத்துட்டு கதவைச் சாத்திக்கிறாங்க பாப்பா. என்னை நம்பித்தானே சாத்துறாங்க. அதனால நான் பொழுது சாஞ்சா படுத்துருவேன். குடிக்கிற பழக்கமும் கிடையாது. எங்கப்பா குடிச்சுக் குடிச்சே எங்களைத் தெருவுல விட்டுட்டுப் போனாரு. அந்த வாடையே எனக்கு ஆகாது." கொஞ்சம் நிறுத்தி, கண்ணாடியில் இவளைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுச் சொன்னான்: "பின்னாடி ஒருத்தி தொணதொணன்னு பேசாம இருந்தா இன்னும் நல்லா ஓட்டுவேன்."

அந்தப் படம் விழாவில் போடப்படும் என்று நோட்டீஸில் அச்சாகியிருந்தது. ஆயாம்மாவின் தூக்கம் போனது அதனால்தான். அவள் வீட்டில் இருந்தது பட்டன் போன். கல்யாணத்தில் எடுத்த ஒரு போட்டோவும் லைசென்ஸில் ஒட்டிய போட்டோவும்தான் அவனாக மிஞ்சியிருந்தன. இரண்டும் வாய் திறக்காது. அவன் குரலை இன்னொரு தடவை கேட்கலாம் என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரியதாக இன்னொன்று அவள் மனதில் இருந்தது. ஊரே உட்கார்ந்து பார்க்கப்போகிறது. அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு, அந்த முகத்தைப் பார்த்த பிறகு, குடிகாரன் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்?

மகளிடம் சொன்னாள். மகள் ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறவள். கடைக்கு வருகிறவர்கள் தன் காதுபடவே, "அந்த வேன் டிரைவர் பொண்ணு" என்று குசுகுசுப்பதைக் கேட்டுக் கேட்டு முகம் இறுகிப்போயிருந்தாள்.

"குடிக்கிறவன் எல்லாருமே குடிக்கலன்னுதாம்மா சொல்லுவான். படத்துல சொன்னா மட்டும் நம்பிடுவாங்களா?"

"உங்கப்பா முகத்தைப் பார்த்தா நம்புவாங்கடி."

"தினம் பார்த்த முகம்தானே. அப்ப மட்டும் நம்பினாங்களா?"

ஆயாம்மா விடவில்லை. ஒரு வாரம் நச்சரித்து, "எனக்காக வா, ஒரு தடவை" என்று கெஞ்சி, மகளைச் சம்மதிக்க வைத்தாள்.

விழா வேலையில் அவள் இழுத்துப்போட்டுக்கொண்டு செய்ததைப் பார்த்து டீச்சர்கள் கண்கலங்கினார்கள். திரைக்காக வாங்கிய வெள்ளைத் துணியை மூட்டித் தைத்தவள் அவள். மைதானத்தில் கல் பொறுக்கியவள் அவள். வீடு வீடாக டிக்கெட் விற்கவும் போனாள். சில வீடுகளில் கதவைப் பாதி திறந்து, அவளைப் பார்த்ததும், "ஏற்கெனவே வாங்கிட்டோம்" என்று சாத்தினார்கள். அவள் அதை மனதில் வைத்துக்கொள்ளவில்லை. வந்து பார்க்கட்டும், அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

விழா அன்று பொழுது சாயும் முன்பே மைதானம் நிறைந்துவிட்டது. முன்னால் பாய், பின்னால் வாடகை நாற்காலிகள். நொறுங்கிய வேனைக் காலையிலேயே லாரி வைத்து எடுத்துப்போயிருந்தார்கள். அது கிடந்த இடத்தில் டீ விற்கும் மேஜை போட்டிருந்தார்கள். ஆயாம்மா மகளை உட்காரவைத்துத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள்.

முதலில் கல்லூரிப் பசங்கள் எடுத்த பேய்ப்படம். பேயின் வெள்ளை உடைக்குக் கீழே நீல ரப்பர் செருப்பு தெரிந்ததும் மைதானமே சிரித்தது. அடுத்து, ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் தன் வீட்டு மாடியில் தண்ணீர் குடிக்கும் காக்காயைப் படம் எடுத்திருந்தார். காக்காய் குடித்தது, பார்த்தது, மறுபடி குடித்தது. "கதை எங்கப்பா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். "காக்காய்க்குத் தாகம், அதான் கதை" என்றார் தபால்காரர் எழுந்து நின்று. அதற்குக் கைதட்டல். மகளும் லேசாகச் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை காலமாயிற்று என்று ஆயாம்மா திரும்பிப் பார்த்தாள்.

பிறகு, பள்ளியின் தலைமை ஆசிரியையான பெரிய டீச்சர் மைக்கைப் பிடித்தார். பள்ளிக்கூடம் கஷ்டகாலத்தைத் தாண்டி வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார். எல்லாரும் கைகொடுக்க வேண்டும் என்றார். கஷ்டம் என்ன என்று சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும். விளக்கு அணைந்தது. பள்ளிக்கூடத்தின் பெயர் திரையில் வந்தது. ஆயாம்மா மகள் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

வேன் வந்தது. காலை வெயில் முன்கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. உள்ளே யார் ஓட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. கதவு திறந்தது. ஒரு கை நீண்டு குழந்தையைப் பிடித்து ஏற்றியது. அது ஆயாம்மாவின் கை. வளையல் தெரிந்தது. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். ஒரு பையன் பையைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து முன்பக்கம் பார்த்தான். அடுத்த நொடி வண்டி முழுக்கச் சிரித்தது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பது படத்தில் இல்லை. அந்த இடத்தில் ஒரு புல்லாங்குழல் ஊதியது. ஆயாம்மாவுக்குத் தெரியும். 'இதுல நீ உள்ள இருக்கியா, புத்தகம் உள்ள இருக்கா?'

இனிமேல் வரும் என்று காத்திருந்தாள். வகுப்பறை வந்தது. கரும்பலகை வந்தது. மரத்தடியில் பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள். பெரிய டீச்சர் மேஜையில் உட்கார்ந்து நிறையப் பேசினார். சாயங்காலம் மறுபடி வேன் வந்தது. ஓட்டுநர் பக்கத்து ஜன்னலில் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டைக்கை ஒன்று, முழங்கை மட்டும், கண்மூடித் திறப்பதற்குள் வந்து போனது. வேன் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தூரத்தில் ஒரு புள்ளியாகத் தேய்ந்தது. படம் முடிந்தது. மைதானம் எழுந்து நின்று கைதட்டியது.

முன்வரிசை நாற்காலியில் இருந்த ஒருவர் பக்கத்திலிருந்த மனைவியிடம் சொன்னார். "நல்லவேளை, அந்த ஆளைக் காட்டல. காட்டியிருந்தா பார்க்கவே பிடிச்சிருக்காது."

"மெதுவா பேசுங்க. பின்னாடி இருக்காங்க" என்றாள் அவள்.

மகள் கையை உருவிக்கொண்டாள். "பார்த்துட்டியா? திருப்தியா?" என்றாள். குரல் உயரவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டு, கேட்டைத் தாண்டிப் போனாள். ஆயாம்மா அவளைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டு என்ன சொல்வது?

அடுத்த படம் ஓடிக்கொண்டிருந்தபோது அவள் திரைக்குப் பின்பக்கம் போனாள். அங்கே ஒயர்களுக்கு நடுவில் மருந்துக்கடைக்காரர் மகள் உட்கார்ந்திருந்தாள். துணிக்குப் பின்னாலிருந்து பார்க்க, படம் இடம் வலம் மாறித் தெரிந்தது. ஆயாம்மாவைக் கண்டதும் அந்தப் பெண் எழுந்துவிட்டாள்.

"பாப்பா, மாமா பேசினது இருந்துச்சே."

அந்தப் பெண் குனிந்து ஒயர்களைச் சரிசெய்யத் தொடங்கினாள். யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும், பெரிய டீச்சர் வேகமாக வந்தார்.

"அவளைக் கேட்காதீங்க ஆயாம்மா. அதை வெட்டச் சொன்னது நான்தான். பிள்ளைங்களைப் பெத்தவங்க எல்லாம் உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு அந்த நாள் ஞாபகம் வரக்கூடாது. உங்களுக்கும் கஷ்டமா இருக்கும்னு நினைச்சேன். உங்க நல்லதுக்குத்தான்."

"எனக்கு என்ன கஷ்டம் டீச்சர்? அவர் முகத்தைப் பார்க்கிறது எனக்குக் கஷ்டமா?"

"இந்தப் பணம் வரலைன்னா அடுத்த வருஷம் பள்ளிக்கூடமே இருக்காது. உங்க வேலையும் இருக்காது. யோசிச்சுப் பாருங்க." டீச்சர் குரல் தாழ்ந்தது. "அவர் குடிக்கலன்னு எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாதா?"

"தெரியும்னா மைக் உங்க கையிலதானே இருந்துச்சு."

டீச்சர் கெட்ட மனுஷி இல்லை. ஆயாம்மாவின் சம்பளத்தை ஒரு மாதம்கூடப் பிடித்து வைத்ததில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தைக்கு அவரிடம் துணிச்சல் இல்லை. திரையைச் சுற்றிக்கொண்டு கூட்டத்தின் பக்கம் போய்விட்டார்.

ஆயாம்மா அந்தப் பெண்ணிடம் திரும்பினாள். "பரவாயில்ல கண்ணு. எல்லாருக்கும் காட்ட வேணாம். வெட்டின துண்டு உன்கிட்ட இருக்கும்ல? எனக்கு மட்டும் ஒரு தடவை போட்டுக் காட்டு. வீட்டுக்கு வேணாலும் வரேன்."

அந்தப் பெண்ணின் முகம் கோணியது. "இல்ல ஆயாம்மா. கம்ப்யூட்டர்ல இடம் பத்தல. அடுத்தடுத்து கல்யாண ஆர்டர் வந்துச்சு. வேண்டாம்னு சொல்லிட்டாங்களேன்னு அதையெல்லாம் அழிச்சுட்டேன். நீங்க கேப்பீங்கன்னு எனக்குத் தோணவே இல்ல." சொல்லி முடிக்கும் முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள்.

ஆயாம்மா அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். "அழாத, அழாத, ஒண்ணுமில்ல" என்றாள். வேனில் ஏறும் குழந்தைகள் அம்மாவைப் பார்த்து அழும்போது சொல்கிற அதே வார்த்தைகள். பழகிப்போன வாய் தானாகச் சொன்னது. சொல்லும்போதே, தனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

வீட்டுக்குப் போனாள். மகள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

விழா நன்றாகவே நடந்ததாக எல்லாரும் சொன்னார்கள். புது வேன் வந்தது. கட்டடத்து ஒழுகலும் அடைபட்டது. போன பிள்ளைகளில் சிலர் திரும்பி வந்தார்கள். பெற்றோர்கள் கூட்டத்தில் மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார்கள். புது டிரைவர் தினமும் காலையில் வண்டியை எடுக்கும் முன் ஊதிக் காட்ட வேண்டும். அதற்கென்று சின்னதாக ஒரு கருவி வாங்கினார்கள். ஊதினால் குடித்திருக்கிறானா இல்லையா என்று காட்டிவிடும். "முன்னாடி நடந்தது மாதிரி நடக்கக்கூடாது பாருங்க" என்றார்கள். பெரிய டீச்சர் ஒத்துக்கொண்டார். கருவியைப் பிடித்து, எண்ணைப் பார்த்து, கேட்டில் நிற்கும் பெற்றோர்களிடம் காட்டுகிற வேலையை வேன் ஆயாவுக்குக் கொடுத்தார்கள். அப்படிக் கொடுத்தவர்கள் யாரும் அவளை நோகடிக்க நினைத்துக் கொடுக்கவில்லை. நினைத்துப் பார்க்கவே இல்லை, அவ்வளவுதான்.

புது டிரைவர் நல்ல மனுஷன். அக்கா, அக்கா என்று மரியாதையாகப் பேசுவார். முதல் நாள் கருவியை வாயில் வைக்கும்போது அவர் தலை குனிந்துகொண்டார். "மன்னிச்சுக்கங்கக்கா" என்றார் முனகலாக. அவள் எண்ணைப் பார்த்தாள். பூஜ்யம். பெற்றோர்கள் பக்கம் திருப்பிக் காட்டினாள். அவர்கள் தலையாட்டினார்கள். மறுநாளும் காட்டினாள். அதற்கு மறுநாளும். ஒவ்வொரு காலையிலும் அவள் கை நீட்டிக் காட்டியது புது டிரைவரின் நல்ல பெயரை அல்ல. செத்துப்போன ஒருவன் குடிகாரன்தான் என்று ஊருக்கு எதிரில் தானே சாட்சி சொல்வதுபோல் இருந்தது. ஊர் வாயில் வெறும் பேச்சாக இருந்தது இப்போது பள்ளிக்கூடத்துச் சட்டமாகிவிட்டது. இனி அதை யார் மாற்றுவது?

வாரம் முடிவதற்குள் பெரிய டீச்சர் அறைக்குப் போய் நின்றாள்.

"நான் வேன்ல போகல டீச்சர். கூட்டுறேன், கழுவுறேன். எந்த வேலைன்னாலும் குடுங்க."

டீச்சர் காரணம் கேட்கவில்லை. சம்பளம் குறையும் என்று மட்டும் சொன்னார். "குறையட்டும்" என்றாள்.

மகள் கொஞ்ச நாளில் தூரத்து ஊர் ஒன்றில் துணிக்கடை வேலைக்குப் போய்விட்டாள். அங்கே யாருக்கும் அப்பாவைத் தெரியாது, நிம்மதியாக இருக்கிறது என்று போனில் சொன்னாள். "நீயும் வந்துரும்மா" என்று ஒவ்வொரு தடவையும் கூப்பிடுகிறாள். வருகிறேன் என்று இவள் ஒவ்வொரு தடவையும் சொல்கிறாள். ஏன் போகவில்லை என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அப்பாவைத் தெரியாத ஊர் மகளுக்கு நிம்மதி. இவளுக்கு அப்படிப்பட்ட ஊரை நினைத்தாலே பயமாக இருக்கிறது. குடிகாரன் என்றாவது நினைக்கிறார்களே இங்கே.

வீட்டில் தனியாக இருக்கும்போது அவன் பேசியதை ஞாபகப்படுத்திப் பார்க்கிறாள். வார்த்தைகள் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஆனால் இப்போதெல்லாம் அவை அவளுடைய குரலிலேயே கேட்கின்றன. அவன் எப்படிச் சொன்னான், எந்த இடத்தில் இழுத்தான், எங்கே நிறுத்தினான் என்பது கொஞ்சம் கொஞ்சமாக நழுவிப்போகிறது.

தினமும் விடிந்ததும் அவள்தான் முதலில் பள்ளிக்கூடத்துக்கு வருகிறாள். வகுப்பறைகளைக் கூட்டுகிறாள், மைதானத்தில் சருகுகளை வாருகிறாள். கேட்டில் பெற்றோர்கள் வந்து நிற்கிற நேரத்தில், புது ஆயா கருவியை எடுத்து வெளியே வருகிற நேரத்தில், அவளுக்குப் பின்பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியருகே ஏதாவது ஒரு வேலை வந்துவிடும்.